ரூட் பாஸ்வேர்டு இல்லாமல் லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது எப்படி? – ஒரு மருத்துவரின் இழை

1/
"டாக்டர், நீங்க சுகர் பத்தி எழுதுவீங்க, பிரஷர் பத்தி எழுதுவீங்க. லினக்ஸ் பத்தி எதுக்கு?"

போன வாரம் இதைப் பற்றி ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கே இன்பாக்ஸில் இந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்துவிட்டது. பதில் கொஞ்சம் நீளம். அதனால் இழையாகவே போடுகிறேன்.

விஷயம் இதுதான். காலேஜ், ஆபீஸ், லேப் என்று உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு லினக்ஸ் கணினியில் வேலை பார்க்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய மென்பொருள் அதில் இல்லை. நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அது உங்களிடம் இல்லை.

அடுத்து என்ன செய்வீர்கள்?

2/
நான் பார்த்தவரை பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்.

ஒன்று, அட்மினுக்கு மெயில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது.

இரண்டு, நண்பனிடம் பென்டிரைவ் வாங்கி, ஏதோ ஒரு லேப்டாப்பில் 'கிராக்' போட்ட மென்பொருளை ஏற்றிக்கொள்வது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது மக்களே. செலவில்லாதது, சட்டப்படியானது, யார் பாஸ்வேர்டும் தேவைப்படாதது. அந்த வழியால் ஒரு தம்பியின் தீசிஸ் தப்பித்தது. அந்தக் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

3/
தம்பிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்பாவுக்கு முப்பது வருஷமா நூற்பாலை வேலை, ராஜபாளையம் பக்கம். மதுரை – தென்காசி ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, பஞ்சுத் தூசிக்குள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

திங்கட்கிழமை வந்தால் அவருக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் வந்துவிடும். புதன், வியாழன் ஆகும்போது கொஞ்சம் தேவலை. "ஞாயித்துக்கிழமை தின்ன கறி சேரல"ன்னு வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மகன் டாக்டருக்குப் படித்த பிறகுதான் அதற்கு வேறொரு பெயர் இருப்பது தெரிந்தது.

4/
பிசினோசிஸ்.

பஞ்சுத் தூசியைப் பல வருஷம் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய். ஆரம்பக் கட்டத்தில் இதன் அடையாளமே திங்கட்கிழமைதான். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மூச்சு இறுக்கும். பிறகு வாரம் போகப் போகக் குறையும். கவனிக்காமல் விட்டால் எல்லா நாளும் இறுக்கும். கடைசியில் அது நிரந்தரமாகிவிடும்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்த நோய் இடம்பெற்றிருந்தது. ஆலைத் தொழிலாளியிடம் இதைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அர்த்தம்.

தம்பி இதையே தீசிஸ் தலைப்பாக எடுத்துக்கொண்டான். நூற்பாலைத் தொழிலாளர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவருக்கும் திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அதேபோல வியாழக்கிழமையும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறார்கள் என்று ஸ்பைரோமீட்டரில் எடுத்த அளவு.

5/
இங்கேதான் கணினி உள்ளே வருகிறது.

ஒரே ஆளிடம் நாலு தடவை எடுத்த அளவை நாலு வெவ்வேறு ஆட்களின் அளவு மாதிரி கணக்குப் போட்டால் முடிவு தப்பாகும். அதற்கென்று தனிப் புள்ளியியல் முறை இருக்கிறது. கால்குலேட்டரில் முடியாது.

விலைக்கு விற்கும் புள்ளியியல் மென்பொருளின் உரிமம் ஒரு பி.ஜி. மாணவனின் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் 'ஆர்' என்ற மென்பொருள் முழுக்க இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது. இருவர் பெயரிலும் முதல் எழுத்து 'ஆர்'. அதற்கான கூடுதல் தொகுப்புகள் மட்டும் இன்றைக்கு 20,000-க்கு மேல் இருக்கின்றன.

தம்பியிடம் பிளஸ் டூ முடிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருந்தது. டெபியனை வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்ததால் லினக்ஸ் அவனுக்குப் புதுசு இல்லை. ஆனால் அந்த மடிக்கணினியின் கீல் உடைந்து திரை போய் ரொம்ப நாளாகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. தொழிலாளர்களின் தகவல் துறையின் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் நிபந்தனை. ஆகவே துறையின் பொது லினக்ஸ் கணினியில்தான் வேலை செய்தாக வேண்டும்.

6/
அந்தக் கணினியில் 'ஆர்' இருந்தது. ஆனால் பழைய பதிப்பு. தேவைப்பட்ட தொகுப்பு புதிய பதிப்பைக் கேட்டது.

தம்பி இணையத்தில் பார்த்த ஒரு கட்டளையை அப்படியே தட்டியிருக்கிறான். முன்னால் 'சூடூ' என்ற சொல்லுடன். வந்த பதில்: நீ அனுமதிப் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன்.

"அண்ணே, என்னைய ரிப்போர்ட் பண்ணப் போறேன்னு சொல்லுதுண்ணே. தீசிஸை நிறுத்திருவாங்களா?"

"ஒண்ணும் ஆகாதுடா தம்பி. அட்மின் பாக்குற லாக்ல ஒரு வரி விழுந்திருக்கும். அவ்வளவுதான்."

"சமர்ப்பிக்க இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்குண்ணே. அட்மின் சார் லீவுல இருக்காரு. பேட்ச்மேட் ஒருத்தன் கிராக் போட்டது பென்டிரைவ்ல தந்திருக்கான். பேசாம என் கஸின் லேப்டாப்ல டேட்டாவைப் போட்டு அதுல பண்ணிரவா?"

"மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். அந்தப் பென்டிரைவை மட்டும் சொருகாதே."

7/
ஏன் அப்படிச் சொன்னேன்?

கிராக் மென்பொருள் நிறுவும்போது முதலில் என்ன கேட்கும் தெரியுமா? "ஆன்டிவைரஸை அணைத்துவிடு." காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுப்பது மாதிரி.

நோயாளிகளின் தகவல் இருக்கும் கணினியில் அந்த வேலை ஆகவே ஆகாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. பல நாட்கள் பதிவு முதல் ரிப்போர்ட் வரை கையால் எழுத வேண்டி வந்தது. அது கிராக்கால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு மருத்துவமனையின் கணினிக்குள் தப்பான நிரல் புகுந்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

சரி, அப்போ என்ன வழி? அதற்கு முன்னால், ரூட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

8/
1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அது வளர்ந்த காலத்தில் ஒரு கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்டு வேலை செய்தார்கள். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் அந்தப் பழக்கத்தின் வாரிசுகள்.

நம்ம ஊர் காம்பவுண்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மோட்டார். உள்ளே எட்டுக் குடித்தனம்.

மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கும்? ஹவுஸ் ஓனரிடம். குடியிருப்பவர் எல்லாரும் மோட்டாரில் கை வைத்தால் ஒரு நாள் யாருக்குமே தண்ணீர் வராது.

அந்த ஹவுஸ் ஓனர்தான் ரூட். 'சூடூ' என்பது ஓனர் தன் நம்பிக்கைக்குரிய ஆளிடம் "இந்த ஒரு வேலைக்கு மட்டும் சாவியை எடுத்துக்கோ" என்று சொல்வது.

9/
ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. உரிமையாளர், அவருடைய குழு, மற்ற எல்லாரும்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று அனுமதிகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிப் பார்த்தால் 7 என்பது முழு அனுமதி. 5 என்பது படிக்கலாம், இயக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. 0 என்றால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

எல்லாருக்கும் பொதுவான மென்பொருள் இருக்கும் ஃபோல்டர்கள் பெரும்பாலும் 755. ஓனருக்கு 7, மற்றவர்களுக்கு 5. அங்கிருப்பதை நீங்கள் ஓட்டலாம், புதுசாக எதையும் வைக்க முடியாது.

ஆனால் உங்கள் பெயரில் ஒரு ஹோம் ஃபோல்டர் இருக்கிறதே, அதில் நீங்கள்தான் 7.

10/
இந்த இழையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்:

எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நிறுவத்தான் ரூட் வேண்டும். உங்கள் வீட்டுக்குள் நிறுவ வேண்டியதில்லை.

நிறுவுவது என்றால் பெரிய மாயமில்லை. சில ஃபைல்களை ஓர் இடத்தில் வைக்கிறோம். அவை எங்கே இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்கிறோம். அவ்வளவுதான். பாஸ்வேர்டு கேட்பது மென்பொருள் இல்லை, இடம். இடத்தை மாற்றினால் கேள்வியே வராது.

வாடகை வீட்டில் சுவரை இடிக்க ஓனரைக் கேட்கணும். கேஸ் அடுப்பு வைக்கக் கேட்கணுமா?

11/
முதல் படி: கேளுங்கள், தேடுங்கள்.

பல பேர் பகிரும் பெரிய கணினிகளில் மென்பொருட்களை முன்கூட்டியே பல பதிப்புகளில் போட்டு 'மாட்யூல்' என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதை ஒரு கட்டளையில் எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சி என்.ஐ.டி.-யில் 2022 மே 25 அன்று தொடங்கப்பட்ட சூப்பர் கம்ப்யூட்டரின் பெயர் 'பரம் பொருள்'. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு! தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்தது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்.

இப்படிப்பட்ட கணினியில் எந்த ஆராய்ச்சியாளர் கையிலும் ரூட் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். மாட்யூலில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாததைத் தன் ஹோம் ஃபோல்டரில் போட்டுக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க அறிவியல் கணினிகளில் இதுதான் நடைமுறை. ஆகவே இதை யாரும் குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். இதுதான் ராஜபாட்டை.

12/
இரண்டாவது படி: மென்பொருளே தரும் வசதி.

'ஆர்' மென்பொருளில் ஒரு தொகுப்பை நிறுவச் சொன்னால், பொது இடத்தில் எழுத அனுமதி இல்லை என்றதும் அதுவே கேட்கும்: "உங்கள் சொந்த நூலகத்தில் வைத்துக்கொள்ளவா?" 'ஆம்' என்றால் போதும்.

பைத்தானில் 'வெர்ச்சுவல் என்விரான்மென்ட்' என்று ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் தனி டப்பா. இந்த டப்பாவில் உப்பு கூடினால் அந்த டப்பாவின் குழம்பு கெடாது.

பாதிப் பேருடைய தேவை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

தம்பிக்கு முடியவில்லை. அவன் வேலைக்கு 'ஆர்' மென்பொருளே புதுசாக வேண்டியிருந்தது. அடியில் இருக்கும் சில பொது நூலகங்களும் பழசு.

13/
மூன்றாவது படி: காண்டா.

ஒரு மென்பொருள் தனியாக வராது. அதற்கு நாலு நூலகம் வேண்டும், அந்த நாலுக்கும் இன்னும் எட்டு. கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் குடும்பமே வருகிற மாதிரி. ரூட் இல்லாதவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

காண்டா அந்தக் குடும்பம் மொத்தத்தையும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் கூட்டிவந்து உட்கார வைத்துவிடும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் பழைய நூலகத்தைத் தொடாது.

அனகோண்டா நிறுவனத்தின் சொந்தக் கிடங்கைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தினால் கட்டண உரிமம் வேண்டியிருக்கும். 'மினிஃபோர்ஜ்' என்ற வடிவத்தை எடுத்தால், தன்னார்வலர்கள் நடத்தும் 'காண்டா-ஃபோர்ஜ்' கிடங்கிலிருந்து வரும். அந்தக் கவலை இல்லை.

இடம் மட்டும் நிறையப் பிடிக்கும், ஜிபி கணக்கில். பொதுக் கணினியில் ஒவ்வொருவருக்கும் இட வரம்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

14/
நான்காவது படி: மூல நிரலிலிருந்து நாமே கட்டுவது.

இது பழைய, கெட்டியான முறை. மூல நிரலை இறக்கி, விரித்து, மூன்று கட்டளைகள். 'கான்ஃபிகர்' என்பது கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். 'மேக்' கட்டும். 'மேக் இன்ஸ்டால்' கொண்டுபோய் வைக்கும்.

சூட்சுமம் முதல் கட்டளையில் இருக்கிறது. அதில் 'ப்ரிஃபிக்ஸ்' என்று போட்டு உங்கள் ஹோம் ஃபோல்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பொது இடத்தில் வைக்கப் பார்க்கும், "அனுமதி மறுப்பு" என்று நின்றுவிடும்.

இது தவிர 'ஆப்இமேஜ்' என்று ஒற்றை ஃபைலாகவே வரும் மென்பொருட்களும் உண்டு. இறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்து, ஓட்ட வேண்டியதுதான். 'ஆப்டெய்னர்' போன்ற கன்டெய்னர் வசதியை அட்மின் போட்டு வைத்திருந்தால் ஒரு முழு லினக்ஸையே பெட்டிக்குள் வைத்து ஓட்டலாம்.

15/
நிறுவியாச்சு. ஆனால் பெயரைத் தட்டினால் பழைய பதிப்பே வருகிறது, அல்லது "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்கிறது. ஏன்?

'பாத்' என்ற பட்டியல்தான் காரணம்.

ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பி "பால்கோவா வாங்கிட்டு வா"ன்னு மட்டும் சொல்கிறீர்கள். அவர் என்ன செய்வார்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி வரிசையாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போவார். எந்தக் கடையில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே வாங்கிவிடுவார். அதற்கு அப்புறம் உங்களுக்குப் பிடித்த கடை இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

கணினியும் அப்படித்தான். நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். முதலில் கிடைப்பதை ஓட்டும். உங்கள் ஹோம் ஃபோல்டரின் 'பின்' ஃபோல்டரைப் பட்டியலின் தலையில் வைத்தால் உங்களுடையதுதான் முதலில் கிடைக்கும்.

ஆனால் பழைய பட்டியலை அழித்துவிடாதீர்கள். அதன் முன்னால் சேர்க்க வேண்டும். அழித்தால் சாதாரணக் கட்டளைகள்கூடக் காணாமல் போகும்.

16/
ரூட் இல்லாமல் முடியாததும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிய கருவிக்கு டிரைவர் போடுவது, கணினியின் கெர்னலைத் தொடுவது, எல்லாருக்கும் பொதுவான சேவையைத் தொடங்குவது, 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எண்களைப் பயன்படுத்துவது, மற்றவர் ஃபைலைத் திறப்பது. இதெல்லாம் மோட்டார் ரூம் வேலை.

ஸ்பைரோமீட்டரை யூஎஸ்பியில் சொருகி நேரடியாக அளவெடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அட்மின் வந்தாக வேண்டும். எடுத்த அளவை ஆராய்வதற்கு அவர் வர வேண்டியதில்லை.

17/
தம்பி என்ன செய்தான்?

மறுநாள் காலையில் அட்மினுக்கு நாலு வரி மெயில் போட்டான். "சார், இந்த மென்பொருளை என் ஹோமுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிறேன். பொது இடத்தைத் தொட மாட்டேன். சம்மதமா?"

லீவில் இருந்த மனுஷன் பத்து நிமிஷத்தில் போனிலிருந்தே பதில் அனுப்பினார். "தாராளமா. பேஷன்ட் பேரு மட்டும் இல்லாம பாத்துக்கங்க டாக்டர்."

அன்று மதியம் மினிஃபோர்ஜ். சாயங்காலத்துக்குள் புதிய 'ஆர்', வேண்டிய தொகுப்புகள் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. அடுத்த பத்து நாள் கணக்கு, வரைபடம், எழுத்து. குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே தீசிஸ் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமைக் கோடு ஷிப்டுக்குப் பிறகு இறங்குவதும், வியாழக்கிழமைக் கோடு அந்த அளவுக்கு இறங்காததும் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. லீவில் ஊருக்கு வந்தபோது அதை அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "அப்ப கறி இல்லியா?"

இப்போது அவர் என்னிடம்தான் இன்ஹேலர் வாங்குகிறார். தூசி அதிகமுள்ள பகுதியிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றியும் விட்டார்கள்.

18/
"எனக்கு இந்த மாதிரி கணினியே இல்லையே டாக்டர்" என்கிறீர்களா?

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கியது நீங்கள், ஆனால் அதில் நீங்கள் ரூட் இல்லை. ஒவ்வொரு செயலியும் அங்கே தனித்தனிக் குடித்தனம், தனித்தனிப் பயனர் எண். அதனால்தான் ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் அறைக்குள் நுழைய முடிவதில்லை.

'டெர்மக்ஸ்' என்ற செயலியை 'எஃப்-ட்ராய்டு' கிடங்கிலிருந்து போட்டுப் பாருங்கள். போனை ரூட் செய்யாமலே, அந்தச் செயலிக்குக் கிடைத்த அறைக்குள் ஒரு குட்டி லினக்ஸ் உலகம் கிடைக்கும். பைத்தான் உட்பட நூற்றுக்கணக்கான மென்பொருட்களை நிறுவிக்கொள்ளலாம்.

லேப்டாப் வாங்க வசதியில்லாத பிள்ளை ராஜபாளையத்தில் இருந்தாலும் சரி, மலையடிவாரக் கிராமத்தில் இருந்தாலும் சரி, இன்று இரவே புரோகிராமிங் பழகத் தொடங்கலாம்.

19/
இனி எச்சரிக்கைகள். மாத்திரை எழுதினால் பக்கவிளைவும் சொல்லணும் இல்லையா?

"ரூட் இல்லாமத்தானே போடுறேன், என்ன ஆயிரும்?" என்ற நினைப்பு வேண்டாம்.

ரூட் இல்லாத நிரலால் கணினியைக் கவிழ்ப்பது கஷ்டம். ஆனால் நீங்கள் படிக்க முடிந்ததை எல்லாம் அதுவும் படிக்கும். உங்கள் தீசிஸ், உங்கள் பாஸ்வேர்டு சேமிப்பு, உங்கள் நோயாளிகளின் பட்டியல். யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு விலைமதிப்புள்ளது எல்லாமே ஹோம் ஃபோல்டரில்தானே இருக்கிறது?

2020 மே மாதம் ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை மூட வேண்டி வந்தது. பிரிட்டனின் 'ஆர்ச்சர்' அவற்றில் ஒன்று. ஊடுருவியவர்கள் உள்ளே வந்தது ஆராய்ச்சியாளர்களின் திருடப்பட்ட சாதாரணக் கணக்குகள் வழியாக.  உள்ளே நுழையக் குடித்தனக்காரரின் சாவியே போதுமானதாக இருந்தது.

20/
மருந்துக் கடையில் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. பெயர் ஒரே மாதிரி இருக்கும் மருந்துகள். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. இரண்டு எழுத்து மாறினால் ஆளே மாறிவிடும்.

மென்பொருள் கிடங்குகளிலும் இதே விளையாட்டு நடக்கிறது. பிரபலமான தொகுப்பின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விஷமத் தொகுப்பைப் போட்டு வைப்பார்கள். அவசரத்தில் தப்பாகத் தட்டுபவர்தான் இலக்கு.

ஆகவே:

* பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

* மென்பொருளின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

* 'ஷா-256' என்ற 64 எழுத்து எண் கைரேகை கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து அட்டையில் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் பார்க்கிற மாதிரி.

* "இந்த ஒரு வரியை ஒட்டி என்டர் தட்டு" என்று யாராவது சொன்னால், அந்த வரி எதை இறக்கி ஓட்டுகிறது என்று படித்துவிட்டுத் தட்டுங்கள்.

* ஹோம் ஃபோல்டரின் அனுமதியை 700 ஆக்குங்கள். பக்கத்துக் குடித்தனம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

21/
மருத்துவ மாணவர்களுக்குத் தனியாக ஒன்று.

பொதுக் கணினியில் நோயாளியின் பெயர், போன் நம்பர், ஆதார் எண் எதையும் ஏற்றாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தாளில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி ஊதிக் காட்டிய தொழிலாளிக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. அவர் மூச்சின் அளவு ஆலை மேலாளர் கைக்குப் போனால் அவர் வேலைக்கே ஆபத்து வரலாம்.

இன்னொன்று. ஹோமுக்குள் நிறுவ முடியும் என்பதும், நிறுவ அனுமதி உண்டு என்பதும் வேறு வேறு. சில அலுவலகங்களில் அதற்குத் தடை இருக்கும். தம்பி மாதிரி நாலு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். நம்மால் முடிகிறது என்பதற்காக எல்லா அறுவைச் சிகிச்சையும் செய்கிறோமா என்ன? கையெழுத்து வாங்கித்தானே செய்கிறோம்?

22/
சுருக்கமாக:

* பொதுக் கணினியில் ரூட் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். எல்லாருடைய பாதுகாப்புக்கும் அது நல்லது.

* முதலில் கேளுங்கள், ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்.

* பிறகு சொந்த நூலகம், அதன் பிறகு காண்டா, கடைசியாக மூல நிரல். இந்த வரிசையில் போங்கள்.

* பாத் பட்டியலில் உங்கள் ஃபோல்டரை முன்னால் சேருங்கள்.

* கிராக் பென்டிரைவைத் தொடாதீர்கள். உங்கள் வேலைக்கு ஈடான இலவச மென்பொருள் பெரும்பாலும் இருக்கும்.

* உங்கள் வீட்டுக்குள் எதை விடுகிறீர்களோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

தீசிஸ் எழுதும் பிள்ளைகள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள், கணினி கற்க நினைக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த இழையை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்படியே, வீட்டில் நூற்பாலை வேலைக்குப் போகிறவர் யாராவது திங்கட்கிழமை மட்டும் இருமினால், கறி மேல் பழி போடாமல் ஒரு தடவை மூச்சைப் பரிசோதிக்கக் கூட்டிவாருங்கள்.



– பொதுநல மருத்துவர்,
ராஜபாளையம்